ஜிப்சியின் முன்பக்கம் 50 மி.மீ. ஏறிய கணக்கு

முன்பக்கம் ஒருவழியாக 50 மி.மீ. ஏறி நிற்கிறது. திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் தானாக நேருக்கு வருகிறது. கடலூர் பெண்ணையாற்றுப் பாலத்தின் இணைப்புகளை 60 கி.மீ. வேகத்தில் தாண்டினாலும் முன்சக்கரம் நடுங்குவதில்லை. இந்த இடத்துக்கு வர வண்டி நான்கு முறை ஜாக்கியில் ஏறியது. சரியாகச் செய்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். பழைய நாலு சக்கர இழுவை வண்டியை உயர்த்த நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், தவறிய இடங்களையும் அளவுகளையும் அப்படியே எழுதுகிறேன்.

வண்டி 1998-ல் பதிவான மாருதி ஜிப்சி கிங், பெட்ரோல். வேலை பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளில். மழைக்குப் பிறகு செம்மண் தடத்தில் ஓடை விழுந்துவிடும். வண்டியின் வயிறு தட்டும், சக்கரம் மட்கார்டில் உரசும். முன்னும் பின்னும் கட்டி ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), நான்கு மூலையிலும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). முன் ஆக்ஸில் பட்டைக்கு மேல் உட்கார்ந்திருக்கும். பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைத்து ஆடவிடும் ஷேக்கிள் பம்பர் பக்கம், அசையாத கண் (பட்டை முனையின் வளையம்) அதற்குப் பின்னால். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தவறுகளில் இரண்டு இதை மறந்ததால் வந்தவைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டி ஆக்ஸில் வண்டியில் பட்டையை எவ்வளவு ஏற்றினாலும் டிஃபரன்ஷியல் பூசணி (ஆக்ஸில் நடுவில் உருண்டையாக இருக்கும் பற்சக்கரப் பெட்டி) தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 205/70 ஆர்15 டயரின் விட்டம் கணக்குப்படி 668 மி.மீ. பொலேரோவுக்கு வரும் 215/75 ஆர்15 சுமார் 703 மி.மீ. பாதியை எடுத்தால் ஆக்ஸிலுக்கு லாபம் 17–18 மி.மீ.தான். பட்டையை ஏற்றுவது அந்த டயர் மட்கார்டில் முட்டாமல் சுழலவும், சேசிஸ் ஓடைக்கரையில் தட்டாமல் இருக்கவும். அதற்கு 50 மி.மீ. போதும். ஆக்ஸிலில் பட்டை உட்காரும் பீடத்தை மாற்றி, பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றிவைக்கும் வேலையும் உண்டு. அதில் 125 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். ஆனால் ஸ்டீயரிங், பிரேக், ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். தோப்பு வேலைக்கு அது வேண்டாத வம்பு.

சட்டமும் ஒரு வரி. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. எஃப்.சி.க்குப் போகும் பழைய வண்டியில் இது கேள்வியாக வரலாம். வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

அளவு எடுத்தது

சிமென்ட் தளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சமப்படுத்தி, பம்பரில் ஏறி நாலு குதி குதித்துப் பட்டையை இளக்கிவிட்டு அளந்தேன். ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இடப்பக்கம் 432 மி.மீ., வலப்பக்கம் 418. வலது பட்டை 14 மி.மீ. தொய்ந்திருக்கிறது. எப்போதும் ஓட்டுநர் மட்டும் உட்காரும் வண்டியில் இது வழக்கம்தான்.

காஸ்டரை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணத்தை, அளக்க 750 ரூபாய் டிஜிட்டல் கோண அளவி ஒன்று போதும். அடியில் காந்தம் உள்ளதாகப் பாருங்கள். சக்கரத்தை நேராக வைத்து, கிங் பின்னின் மேல் மூடியைக் கம்பித் தூரிகையால் துடைத்து, அதன் தட்டையான பரப்பில் முன்பின்னாக வைத்தால் காஸ்டர் கோணம் நேராகவே தெரியும். அதற்கு முன் தளம் சரிமட்டமா என்று பார்த்து, அந்தச் சாய்வைக் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் 2.5 டிகிரி வந்தது. இந்த வண்டிக்கு இருக்க வேண்டியது மூன்றரை. இரும்புத் தூண்போல நின்ற ஷேக்கிள் பின்னில் ரப்பர் புஷ் நசுங்கி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. மீதி டிகிரி போன இடம் ஓரளவு அங்கேதான்.

மற்ற அளவுகள்: ஷேக்கிள் நீளம் நடுவுக்கு நடு 75 மி.மீ., அதன் கீழ்முனை 20 டிகிரி முன்பக்கம் சாய்ந்திருந்தது. பட்டையின் கண்ணுக்குக் கண் 870. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கின் சாய்வு 5 டிகிரி. முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வு 7 டிகிரி. உங்கள் வண்டியில் இதே எண்கள் வராது. இத்தனை வருடத்தில் எந்தப் பட்டறை எந்தப் பட்டையைப் போட்டது என்று யாருக்கும் நினைவிருக்காது. அளந்தே தீர வேண்டும்.

முதல் தவறு: நீள ஷேக்கிள்

செலவும் குறைவு, பட்டையைத் தொடவும் வேண்டாம் என்று எல்லோரும் முதலில் இறங்குவது இதில்தான். 8 மி.மீ. எம்.எஸ். பிளேட்டில் 125 மி.மீ. நீள ஷேக்கிள் நான்கு தகடு, துளை போட்டு, பக்கவாட்டில் ஆடாமல் இருக்க நடுவில் ஒரு குறுக்கு போல்ட்டும் வைத்து, 1,400 ரூபாய். ஷேக்கிள் 50 மி.மீ. நீண்டது, வண்டி உயர்ந்தது 25 மி.மீ. பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குவதால் நடுவில் இருக்கும் ஆக்ஸிலுக்குப் பாதிதான் கிடைக்கும்.

அது பரவாயில்லை. பட்டையின் முன்முனை 50 மி.மீ. இறங்கினால் 870 மி.மீ. நீளத்துக்கு அது 3.3 டிகிரி சாய்வு. ஷேக்கிள் முன்னால் இருப்பதால் ஆக்ஸிலின் தலை முன்னோக்கிக் கவிழும். 2.5-ல் 3.3 போனால் மைனஸ் 0.8. அளவியும் அதையேதான் காட்டியது. ஓட்டும்போது கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது: 50 கி.மீ. வேகத்தில் வண்டி கோட்டில் நிற்கவில்லை. திருப்பத்தில் ஸ்டீயரிங்கைக் கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பெண்ணையாற்றுப் பாலத்தின் முதல் இணைப்பில் முன்சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. பிரேக்கை மிதித்து 20-க்குக் கொண்டுவந்த பிறகுதான் அடங்கியது. அன்று மாலையே பழைய ஷேக்கிள் திரும்பிவிட்டது.

படபடப்புக்குக் காஸ்டர் மட்டும் காரணமில்லை. ஜிப்சியில் மூடிய நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் முட்டி). மேலும் கீழும் கிங் பின் பேரிங். அந்த இறுக்கம் தளர்ந்தால் சின்னக் குழியே ஆட்டத்தைக் கிளப்பிவிடும். சோதிக்க மீன்கடையில் பார்க்கும் கொக்கித் தராசு போதும். நக்கிள் ஆயில் சீலைக் கழற்றி, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடை விடுவித்து, நக்கிள் கையின் முனையில் கொக்கியை மாட்டி இழுங்கள். அசையத் தொடங்கும் கணத்தில் 1.0 முதல் 1.8 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இடப்பக்கம் 0.6, வலப்பக்கம் 0.8 வந்தது. மூடிக்கு அடியிலிருந்து மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து 1.4-க்குக் கொண்டுவந்தேன். பேரிங்கில் பள்ளம் விழவில்லை. விழுந்திருந்தால் தகடு எடுத்துப் பயனில்லை, பேரிங்கையே மாற்ற வேண்டும். புது சீல்கள் 640 ரூபாய். வண்டியை உயர்த்தப் போகிறவர்கள் பட்டையைத் தொடும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

பட்டை வேலை, இரண்டு தடவை

பட்டையைக் கழற்றுவதே அரை நாள். கடல்காற்று படும் ஊரில் ஷேக்கிள் பின்னும், பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். முந்தைய இரவே டீசலில் ஊறவைத்தும் வலது ஷேக்கிள் பின் அசையவில்லை. கிரைண்டரில் தலையை அறுத்து, பித்தளைக் கம்பி வைத்துச் சம்மட்டியால் தட்டித்தான் வந்தது. பட்டைகளைப் பிரித்தபோது இடைவெளியில் துரு தகடு தகடாக உதிர்ந்தது. அதை ஒரு தாளில் கொட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடி. அந்தத் துருதான் பட்டை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்து, வண்டியைக் கல்வண்டி மாதிரி குலுக்கியது.

முதலில் கொடுத்தது சாலையோரப் பட்டறை ஒன்றில். 2,200 ரூபாய்க்கு இரண்டு பக்கமும் வளைவு ஏற்றிக் கொடுத்தார்கள். உலையில் சுட்டு, வளைத்து, நேராகத் தண்ணீரில் போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தும் நிறுத்தச் சொல்லாதது தப்பு. உயரம் கனகச்சிதமாக வந்தது. பத்தொன்பதாம் நாள் தோப்பு ஓடையில் இறங்கும்போது வலப்பக்க இரண்டாம் பட்டை சென்டர் போல்ட் துளையில் முறிந்தது. உடைந்த முகம் கற்கண்டு உடைத்தது போலப் பெரிய பெரிய மணியாகப் பளபளத்தது. அளவுக்கு மீறிச் சுட்டு, சட்டென்று குளிரவைத்து, திரும்பப் பதம் போடாத எஃகுக்கு அதுதான் அடையாளம். கண் உள்ள மெயின் பட்டை முறியாததால் ஆக்ஸில் இடம்விட்டுப் போகவில்லை. வண்டி மெதுவாக வீடு வந்தது.

பட்டை எஃகு ஈஎன்45 வகையைச் சேர்ந்தது. அதை ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சுட வேண்டும், அதாவது கோவைப்பழச் சிவப்பைத் தாண்டி ஆரஞ்சு தொடங்கும் நிறம் வரை. பிறகு எண்ணெயில் முக்க வேண்டும். அதன் பிறகு மீண்டும் 450–500 டிகிரிக்குச் சூடேற்றிப் பதம் இறக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையைத் தவிர்த்தால் பட்டை கண்ணாடி. சுடாமலே சுத்தியலால் அடித்து வளைப்பவர்களும் உண்டு. அது உடையாது, ஆனால் சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும்.

இரண்டாவது தடவை லாரி வேலை பார்க்கும் பட்டைக்கடையில், புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம். அங்கே பட்டையைப் பார்த்த மூத்த தொழிலாளி, தாளில் எழுதிக்கொண்டுபோன எண்களைப் படிக்கவே இல்லை. “மில்லிமீட்டர்லாம் அப்புறம் பாக்கலாம் தம்பி. எப்படி வளையணும்னு ஒரு கம்பிய வளைச்சுக் கொண்டா, அதுல உக்கார வைக்கிறேன்” என்றார். அதுதான் சரியான வழி. 8 மி.மீ. கம்பியைத் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு வளைத்து, நடுவில் 155 மி.மீ. வளைவு வரும்படி ஒரு மாதிரி செய்து கொடுத்தேன். பழைய பட்டையைத் தனியே தரையில் வைத்தபோது இடது 105, வலது 88. எடை அதேதான், பட்டையின் விறைப்பும் அதேதான் என்றால், வளைவில் கூட்டிய 50 அப்படியே உயரமாக வரும். வலது பக்கத் தொய்வும் அதிலேயே நீங்கிவிடும்.

கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஜிப்சியின் முன்பக்கத்தில் சின்ன பெட்ரோல் என்ஜின்தான். பட்டை சேர்த்தால் உயரம் வரும், கூடவே தண்டுவடமும் நோகும். வின்ச், இரும்பு பம்பர் என்று முன்னால் எடை ஏற்றியவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

வளைவு கூடினால் பட்டையின் கண்ணுக்குக் கண் தூரம் குறையும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டியின் எடை ஏறி நிற்கும் நிலையில் கணக்கிட்டால் இங்கே சுமார் 14 மி.மீ. சுருங்கும். அப்படியே மாட்டினால் ஷேக்கிளின் 20 டிகிரிச் சாய்வு 9 டிகிரிக்கு வந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும். குழியில் பட்டை நீள்வதற்கு முன் ஒரு இடி இடிக்கும். ஆக்ஸிலும் 7 மி.மீ. பின்னால் போகும். அதனால் மெயின் பட்டையைப் புதிதாக வெட்டும்போது சென்டர் போல்ட்டிலிருந்து முன்பக்கம் 7, பின்பக்கம் 7 என்று கூட்டச் சொன்னேன். ஷேக்கிள் பழைய 75 மி.மீ.லேயே இருந்தது, சாய்வு 19 டிகிரியில் நின்றது.

மெயின் பட்டையும் இரண்டாம் பட்டையும் புதிது, மற்றவை சுட்டு வளைத்துப் பதம் போட்டவை. பதம் இறக்கும்போது தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. உலையிலிருந்து எடுத்த பட்டையின் மேல் உலர்ந்த குச்சி ஒன்றை இழுத்தார். முதலில் வெறும் புகை. திரும்ப உலையில் வைத்து எடுத்து இழுத்தபோது குச்சி போன தடமெல்லாம் பொடிப்பொடியாகப் பொறி ஓடியது. உடனே எடுத்து நிழலில் ஆறவைத்துவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 6,800 ரூபாய். பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவிக் கட்டினேன். பெயின்ட் அடிக்க வேண்டாம், அது உரிந்து அங்கேயே சுருண்டு கிடக்கும்.

மாட்டும்போது இரண்டு விஷயம். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கியதில் மரை இழுபட்டிருக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய் அதே தடிமனில், காஸ்டரைச் சரிசெய்யும் ஆப்புத் தகடு வரப்போவதால் 10 மி.மீ. நீளம் கூட்டி, நான்கு வாங்கினேன். ஒன்று 220 ரூபாய். குறுக்கு மறுக்காக இறுக்கி 70 நியூட்டன் மீட்டரில் நிறுத்தினேன். அடுத்து, ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் பின் நட்டுகளை வண்டி ஜாக்கியில் இருக்கும்போது முழுதாக இறுக்கவே கூடாது. கையால் ஓட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, குதித்து இளக்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், மூன்று மாதத்தில் கிழியும். முந்தைய புஷ் போன காரணமும் அநேகமாக அதுதான்.

இறக்கி அளந்தால் இடது 484, வலது 481. டிராக் லிங்க் சாய்வு 5-லிருந்து 8.5. ஸ்டீயரிங் சக்கரமோ ஏறத்தாழ 50 டிகிரி கோணலாக நின்றது. டிராப் ஆர்ம் (ஸ்டீயரிங் பெட்டியின் கை) சேசிஸோடு மேலே போய்விட்டது, லிங்கின் மறுமுனை ஆக்ஸிலோடு கீழே இருக்கிறது. குறுக்கே உள்ள தூரம் 7 மி.மீ. குறைந்தால் ஸ்டீயரிங்கில் அவ்வளவு திரும்பும். இதைச் சரிசெய்ய ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டுவது சுலபம், ஆனால் தப்பு. நேராகப் போகும்போது ஸ்டீயரிங் பெட்டியும் தன் நடுவில் இருக்க வேண்டும். பெட்டியின் நடுவில்தான் இடைவெளி மிகக் குறைவு. சக்கரத்தை மட்டும் மாற்றினால் நேர் ஓட்டத்தில் ஆட்டம் தெரியும். டிராக் லிங்கின் நீளத்தை மரையில் திருப்பிச் சரிசெய்து லாக் நட்டை இறுக்குவதே முறை. டிராப் ஆர்மைச் சுட்டு வளைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடமும், லிங்கை வெட்டி வெல்டிங் வைக்கிறேன் என்பவர்களிடமும் போகாதீர்கள். 50 மி.மீ.க்கு அது தேவையும் இல்லை.

டோ இன் (முன்சக்கரங்கள் முன்னால் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு) இந்த உயர்வால் மாறாது, டை ராட் ஆக்ஸிலோடேயே இருப்பதால். இருந்தாலும் ஒரு டை ராட் முனை தளர்ந்திருந்ததால் மாற்றி, 4 மி.மீ. வைத்தேன். டயரைச் சுழற்றி நடுவில் சாக்பீஸ் கோடு, கோட்டில் ஆணியால் கீறல், முன்னும் பின்னும் டேப். வித்தியாசம் 2-லிருந்து 6-க்குள் வந்தால் போதும்.

ஆப்பு எந்தப் பக்கம்

பின்பக்கத்தை 70 மி.மீ. ஏற்றியாகிவிட்டது, முன்பக்கம் 50. ஆகவே வண்டி முன்னால் 20 மி.மீ. கவிழ்ந்திருக்கிறது. 2,375 மி.மீ. சக்கர இடைவெளிக்கு அது அரை டிகிரி. காஸ்டர் 2.5-லிருந்து 2.0. டயரும் பெரியது என்பதால் 4 டிகிரி வேண்டும் என்று முடிவு செய்து, 2 டிகிரி ஆப்புத் தகடு இரண்டு மில்லிங்கில் வெட்டினேன். 100 மி.மீ. நீளத்துக்கு 2 டிகிரி என்றால் 3.5 மி.மீ. ஏற்றம், மெல்லிய முனை 3, தடித்த முனை 6.5. எம்.எஸ். போதும். அலுமினியத்தில் வேண்டாம், நசுங்கி விரிசல் விடும், யூ போல்ட் தளரும். ஜோடி 900 ரூபாய். தகட்டின் நடுத் தடிமன் கிட்டத்தட்ட 5 மி.மீ., அவ்வளவும் சென்டர் போல்ட் தலையின் உயரத்திலிருந்து கழியும். தலை ஆக்ஸில் பீடத்தின் துளைக்குள் எட்டாவிட்டால் ஆக்ஸில் நகரும். அதனால் 6 மி.மீ. உயரம் கூடிய தலையோடு சென்டர் போல்ட்டை லேத்தில் கடைந்து வாங்கினேன்.

தடித்த முனை எந்தப் பக்கம் என்பதில்தான் அடுத்த தவறு. வேறொரு வண்டியில் பார்த்ததை வைத்துப் பின்பக்கம் வைத்து மாட்டினேன். அளவி 0.0 காட்டியது. 2-ல் 2 கூடுவதற்குப் பதில் 2 குறைந்துவிட்டது. பார்த்த அந்த வண்டியில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே, இங்கே கீழே. பட்டை கீழே இருந்தால் தகடு ஆக்ஸிலைக் கீழிருந்து தூக்குகிறது; ஆக்ஸிலின் தலை பின்னால் சாய வேண்டுமென்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். ஆகவே தடித்த முனை பம்பர் பக்கம். பட்டை மேலே இருக்கும் வண்டியில் அதே தகடு ஆக்ஸிலைக் கீழே அழுத்துவதால், தடித்த முனை பின்பக்கம். சந்தேகமிருந்தால் ஒரு தீப்பெட்டியை ஆக்ஸிலாகவும் ஸ்கேலைப் பட்டையாகவும் வைத்து, நடுவில் மடித்த காகிதத்தைச் செருகிப் பாருங்கள். அரை நிமிடத்தில் புரியும், அரை நாள் மிஞ்சும்.

திருப்பி மாட்டியதும் இடது 4.0, வலது 3.9. இதற்கு ஒரு விலை உண்டு: ஆக்ஸிலின் தலை பின்னால் சாய்ந்தால் அதன் பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) கீழே இறங்கும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் மடங்கும் இணைப்பான கிராஸுக்குக் கோணம் கூடும். ஷாஃப்ட் சாய்வு 12 டிகிரிக்குப் போயிருந்தது, பினியன் பக்கக் கிராஸுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். நாலு சக்கர இழுவையில் 60-க்கு மேல் ஓட்டினால் தரையில் ஒரு ரீங்காரம் தெரிகிறது. மண்ணிலும் மணலிலும் அந்த வேகம் வராது. முன்சக்கரத்தை இழுவையிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப்பைத் திறந்துவிட்டால் சாலையில் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது. ஆகவே விட்டுவிட்டேன். 3 டிகிரிக்கு மேல் ஆப்பு கேட்கும் வண்டியில் இப்படி விட முடியாது.

தொங்கவிட்டுப் பார்ப்பது

சேசிஸை ஸ்டாண்டில் ஏற்றி, முன் ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு எல்லைக்கும் திருப்பிப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஓடைக்குள் இறக்கினால் பிரேக் போகும். இங்கே பிரேக் ஹோஸ் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. சேசிஸில் ஹோஸைப் பிடிக்கும் கிளாம்பை 3 மி.மீ. தகட்டால் 40 மி.மீ. கீழே இறக்கினேன், 300 ரூபாய். இரும்புக் குழாயை மெதுவாக வளைத்து இறக்கியதால் இணைப்பைத் திறக்கவோ காற்று எடுக்கவோ தேவைப்படவில்லை.

ஷாக் அப்சார்பரும் அதே சோதனையில் சிக்கியது. தொங்கும்போது மேல் கீழ் மவுன்ட் தூரம் 505 மி.மீ.; பழைய ஷாக் முழுதாக விரிந்தால் 470. அதாவது பட்டை இறங்குவதை ஷாக்கே கயிறுபோல் இழுத்துப் பிடித்திருக்கிறது. இப்படி ஓட்டினால் முதலில் போவது ஷாக் இல்லை, சேசிஸில் இருக்கும் மவுன்ட். விரிந்தால் 520, மடங்கினால் 320 வரும் ஜோடி 3,600 ரூபாய்க்குக் கிடைத்தது. மடங்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும்: ஆக்ஸில் மேலே அதிகம் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் அது முட்டும்போது மவுன்ட் தூரம் 310, புது ஷாக் அதற்கு முன்பே அடிவாங்கும். பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் 20 மி.மீ. கெட்டி ரப்பர் வைத்து 330 ஆக்கினேன், 400 ரூபாய். முழு மடக்கில் பெரிய டயர் மட்கார்டைத் தொடாததும் இந்த ரப்பரால்தான்.

செலவு, டயரும் பின்பக்கப் பட்டையும் சேர்க்காமல் 19,690 ரூபாய். மேலே சொன்னவற்றோடு யூ போல்ட் 880, ரப்பர் புஷ் 720, டை ராட் முனையும் அலைன்மென்ட் சரிபார்ப்பும் 1,100. இதில் நீள ஷேக்கிள் 1,400, தண்ணீரில் முக்கிய பட்டை 2,200, ஆக 3,600 ரூபாய் வீண்.

மறுபடி செய்தால் முதலில் கிங் பின் இறுக்கம், புஷ், டை ராட் முனை. அதன் பிறகு பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் ஒரே 50-ல் நிறுத்துவேன். அரை டிகிரி காஸ்டர் அப்படியே மிஞ்சும், ஒன்றரை டிகிரி ஆப்பிலேயே முடிந்திருக்கும், கிராஸுக்கும் நோகாது. ஷாக்கைத் தொங்கவிட்டு அளந்த பிறகே கடைக்குப் போவேன். ஐப்பசியில் தொடங்கவும் மாட்டேன். மூன்று நாள் மழையில் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது, புதுப் பட்டையில் அதற்குள் செம்பழுப்புத் தூள்.

தாழங்குடா மணலிலும் தோப்பிலுமாக 500 கி.மீ. ஓடிய பிறகு அளந்தபோது இடது 479, வலது 477. இதில் பெரும்பகுதி ஆப்புத் தகட்டின் தடிமன். நான்கு யூ போல்ட்டுகளில் மூன்றின் நட்டுகள் கால் சுற்று வாங்கின. மணலில் இறங்கிய அன்றெல்லாம் பட்டையையும் ஷேக்கிளையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் சுமார் 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது: 60 என்றால் உண்மையில் 63. பாக்கி இருப்பது பின் பிரேக்கின் சுமை உணரும் வால்வு. பின்பக்கம் உயர்ந்ததும் அது வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கிறது. அதன் கம்பியைப் பிடிக்கும் தாங்கியை நகர்த்த அடுத்த வாரம் திரும்பவும் ஜாக்கி.